கந்தகம் இரண்டு தடவை

எங்கள் ரப்பர் பட்டறையில் அவளுக்குப் பெயரே 'கந்தகம் அக்கா'தான். ரப்பரோடு கந்தகம் கலக்கிற உருளை மெஷினில் வருஷக்கணக்காக நின்றதில், அந்த வாடை தோலிலேயே ஏறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். "நல்லதுதானே, கால் நீட்ட இடம் கிடைக்குது" என்பாள். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த நாற்காலியை நம்பித்தான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கச்சா ரப்பர் இருக்கிறதே, அது உள்ளுக்குள் நீள நீளமான சங்கிலிகள். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் கிடக்கும். இழுத்தால் நழுவும், சூடு பட்டால் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்து வேகவைத்தால் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் அங்கங்கே முடிச்சு விழும். அப்போதுதான் இழுத்த ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பி வரும். முடிச்சு கூடிப்போனால் தொலைந்தது, விறைத்துப்போய் வெடிக்கும். விழுந்த முடிச்சைத் திரும்பச் சூடாக்கி அவிழ்க்கவும் முடியாது.

கந்தகம் போட்டதும், போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கவிழ்த்து வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அக்கா போட்டாள், கவிழ்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மூட்டைமேல் சாய்ந்தவள் அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். கரண்ட் வந்து எழுந்து பார்த்தால் கரண்டி நிமிர்ந்து கிடக்கிறது. இன்னொரு அளவு போட்டுவிட்டாள்.

அந்த ரப்பர் என் அச்சு மெஷினுக்கு வந்து வளையங்களாக வெந்தது. கேஸ் கசியாமல் இருக்க அடுப்புக் குழாயில் போடுகிற வளையம். ஒன்றை எடுத்து மடித்தேன். மடிப்பில் மெல்லிசாக வெடிப்பு. அக்காவிடம் காட்டினேன். முகம் செத்துவிட்டது.

"ஐயோ, ரெண்டு தடவை போட்டுட்டேன்டா!"

"கத்தாதீங்க அக்கா. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு, எவன் மடிச்சுப் பாக்கப் போறான்? திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க, போதும்."

அவள் அந்த வளையத்தோடு நொண்டிக்கொண்டே முதலாளி அறைக்குப் போனாள். அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. வளையம் மொத்தமும் குப்பைக்குப் போயிற்று. பேக்கிங் நாற்காலி மேஸ்திரியின் மச்சினிச்சிக்குப் போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? கையில வந்ததைத் தட்டிவிட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட அலுப்பு.

"வலிக்குதுடா. சத்தியமா இதுக்கு மேல முடியல. ஆனா காலையில எழுந்து உன் வீட்டு அடுப்பைப் பத்த வைக்கிறது யாரு?"

என் மனைவிதான். அக்கா அடுத்த ரப்பர் கட்டியைத் தூக்கக் குனிந்தாள். நான் போய் மறுபக்கம் பிடித்தேன்.