முகத்துக்கு நேரே ஊது

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் கங்காணி. காய் எடுக்கும் பருவத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கும் ஆட்களை வேலை வாங்குவது என் பொறுப்பு. வாய் பேசுவதற்குள் எனக்குக் கை பேசிவிடும்.

கஞ்சா போதையில் ஒருத்தன் இன்னொருத்தனைத் தோளில் வெட்டிவிட்டான். அதன் பிறகு மலையாளி மேனேஜர் ஒரு சட்டம் போட்டார். தினமும் காலையில் ஒவ்வொருவரும் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊத வேண்டும். கஞ்சா வாடை வந்தால் அன்றைக்கே மலையிறங்க வேண்டும். அந்தப் பருவம் முழுக்க அவனுக்கும் கூட வந்த குடும்பத்துக்கும் வேலை கிடையாது. சில பேர் பச்சை ஏலக்காயை மென்று வாடையை மறைத்தார்கள். அதனால் ஏலக்காய் வாசம் அடித்தாலும் அதே தண்டனை. அடி மட்டும் சட்டத்தில் இல்லை, அது நானாகச் சேர்த்தது. அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கீழே சிலமலை கிராமத்திலிருந்து ஒரு புருஷன் பெஞ்சாதி வந்திருந்தார்கள். மழை பொய்த்து ஊரில் பிழைப்பில்லை. இந்தப் பருவத்தை நம்பித்தான் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார்கள். ஒருநாள் காலை அவன் ஊதினான். குப்பென்று ஏலக்காய் வாசம்.

"யாரை ஏமாத்துற?" என்று இடது கன்னத்தில் விட்டேன் ஓர் அறை. அலறிக்கொண்டு விழுந்தவனை விலாவில் மிதித்தேன். வாயிலிருந்து ரத்தமும் சீழும் சேர்ந்து வழிந்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் கன்னம் ஏற்கெனவே வீங்கியிருந்ததைக் கவனித்தேன்.

அவன் பெஞ்சாதி குறுக்கே விழுந்தாள். "விட்ருங்கண்ணே! மூணு நாளா அவருக்குப் பல்லுவலி. கிராம்பு கெடைக்கல. நாந்தேன் ஏலக்காயக் கடிச்சு வச்சுக்கங்கன்னு குடுத்தேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்க்கத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. மறுபடி காலைத் தூக்கினேன். அவள் எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"இப்ப நீங்க ஊதுங்கண்ணே."

விறகுக் கொட்டகையில் குளிருக்கு இழுத்த கஞ்சா என் வாயில் அப்போதும் மணந்துகொண்டிருந்தது. என்னை ஊதச் சொல்ல அதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு அவளை அறைந்தேன். மூக்குத்தி கிழித்து ரத்தம் உதட்டில் இறங்கியது. அவள் அழவில்லை. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கி, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தே இறங்கினாள். ஜீப்பில் ஏற்றாதே என்று டிரைவரிடம் சொன்னது நான்தான்.

ஆபீசில் மேனேஜர் அவர்கள் பெயர் மேல் கோடு போடப் பேனாவை எடுத்தார்.

"எந்தா, கஞ்சாவோ?"

"ஆமா சார், வாடை வந்துச்சு" என்றேன். யார் வாயில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.