வெஜ் மயோவும் கடைசியில் பிழிந்த எலுமிச்சம்பழமும்

நம் ரிசார்ட்டின் பின்பக்க மணலில் நிற்கிற கரி அடுப்பைக் கட்டியவன் நான். திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சூளையில் கோணலாக வெந்துபோய் ஒதுக்கிய செங்கல்லை வாங்கி, கொத்தனார் இல்லாமல் இரண்டு நாளில் கட்டினேன். இத்தனை வருட உப்புக்காற்றில் ஒரு கல் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சவுக்குத் தோப்பு நிழலில் பர்கர் விருந்து வைக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான். பன்னின் உள்பக்கத்தை வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டுவது, தக்காளி ஈரம் பன்னில் இறங்காமல் நடுவில் முட்டைக்கோஸ் இலை வைப்பது, வெயிலில் காய்ந்து போகாமல் சாண்ட்விச்சை ஈரத் துணியில் சுற்றி வைப்பது, எல்லாம் நான் கொண்டுவந்த பழக்கம். படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் மெனு கார்டை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தக் கார்டில் பாதி ஐட்டம் என் கை வழியாகப் போனது.

ரிசார்ட் சார்பில் சிறப்பு மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் மயோனைஸைப் பற்றி எழுதுகிறேன். கார்டின் இரண்டாம் பக்கத்தில் ‘மேனேஜர்ஸ் ஸ்பெஷல் வெஜ் மயோ’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை எந்த மேனேஜரும் செய்யவில்லை. நான் செய்தேன். எப்படி என்று சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1. முதல் நாளே தாளித்துவிட்டேன்

இங்கே வருவதற்கு முன்னால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜூஸ் கடையில் ஆறு வருடம் மிக்ஸி ஓட்டினேன். ரோஸ் மில்க், சாத்துக்குடி, வெயில் காலத்தில் மாம்பழ மில்க் ஷேக். தொண்ணூறுகளின் நடுவில் இங்கே கிச்சனில் கமியாகச் சேர்ந்தேன். கமி என்றால் உதவிச் சமையல்காரன். மாஸ்டர் பெயர் பீட்டர், ராயபுரத்துக்காரர், வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைத்துப் பழகியவர்.

முதல் நாள் காலையில் பீட்டர் ஒரு பேசினை என் முன்னால் வைத்தார். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக ஒன்று. “இத்த பாத்துக்கோ, சாண்ட்விச்சுக்குப் போவணும்” என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். பார்க்கத் தேங்காய்ச் சட்னி மாதிரி இருக்கிறது, கடுகு வாசனைகூட லேசாக வருகிறது, ஆனால் தாளிக்கவில்லை. பெரிய மனுஷன் மறந்துவிட்டார், முதல் நாளே நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். கரண்டியில் எண்ணெயைக் காயவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், ஒரு பிடி கறிவேப்பிலை போட்டு, பொரியப் பொரியக் கொட்டினேன்.

பேசினில் இருந்தது என் கண் முன்னாலேயே திரிந்தது. எண்ணெய் மேலே, முட்டை கட்டி கட்டியாக அடியில். பீட்டர் திரும்பி வந்தார்.

“இன்னாடா இது?”

“தாளிச்சேன் மாஸ்டர்.”

“இன்னாத்த தாளிச்ச?”

“சட்னிய.”

“சட்னியா! கை கயண்டு வுழுற மாரி அர மணி நேரமா அடிச்சிகினு இருந்தேன்டா. முட்டையும் எண்ணெயும் சேத்து அடிச்ச மயோனைஸ்டா அது!”

“பேரச் சொல்லிட்டுப் போயிருந்தா தாளிச்சிருப்பேனா மாஸ்டர்?”

அவர் என்னை அடிக்கத்தான் வந்தார். வந்தவர் வழியில் ஒரு விரலை பேசினில் விட்டு நாக்கில் வைத்தார். “பேஜாரு புடிச்சவனே, மொத்தமும் வேஸ்ட்டு” என்றார். மறுபடி விரலை நக்கிவிட்டு, “ஆனா வாசனை நல்லாத்தான் கீது” என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவில்லை.

2. விஸ்க்கைப் பிடித்த கை

நாலு வருடம் பீட்டரிடம் மயோனைஸ் அடித்தேன். மஞ்சள் கருவும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், எண்ணெயை நூலாக விட வேண்டும், அவசரப்பட்டால் திரியும். விஸ்க்கை, அதாவது அடிக்கிற கம்பி மத்தை, ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்றும் சொல்வார். அவர் இல்லாதபோது இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. குருவுக்கு அந்த அளவு மரியாதை நான் எப்போதும் கொடுப்பேன்.

நல்லெண்ணெயில் ஒரு தடவை அடித்தேன். கசந்தது. கடலை எண்ணெயில் அடித்தேன். பர்கரைக் கடித்த ஒரு பிரெஞ்சுக்காரர் என்னைக் கூப்பிட்டு, இதில் வேர்க்கடலை எங்கே என்று பிரித்துப் பிரித்துத் தேடினார். அதற்கப்புறம் ரீஃபைண்ட் ஆயில் தவிர வேறு தொடவில்லை.

பிறகு பீட்டர் கப்பல் வேலைக்குப் போனார். போகும்போது விஸ்க்கை என் கையில் கொடுத்தார். “தாளிக்காம வச்சிகோ” என்றார்.

3. கல்பாக்கத்துக்காரர்கள் வந்த ஞாயிறு

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு மே மாதம். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து அறுபது பேர், குடும்பம் குடும்பமாக, ஒரு பஸ் நிறைய வந்தார்கள். மேனேஜர் வரதன் சார் புக்கிங் எடுத்திருந்தார். இந்தப் பார்ட்டி நல்லபடியாக முடிந்தால் ஒவ்வொரு கோடைக்கும் வருவார்கள் என்று முதலாளியிடம் சொல்லியும் வைத்திருந்தார். பாதிப் பேர் சைவம். சிக்கன் பர்கர் முப்பது, உருளைக்கிழங்கு கட்லெட் வைத்த வெஜ் பர்கர் முப்பது.

காலையில் ஒரு பேசின் மயோனைஸ் அடித்து ஐஸில் வைத்தேன். கட்லெட் பொரித்து முடித்ததும் கேட்டேன்.

“சார், வெஜ் பர்கருக்கு இன்னா தடவறது?”

“மயோனைஸ்தான். வேற என்ன?”

“அதுல முட்ட கீதே சார்.”

“வெள்ளையாத்தான இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது? வாய மூடினு தடவு கன்னியப்பா.”

நான் ஒன்றும் உத்தமன் என்று எழுத வரவில்லை. ஏழு பன்னில் தடவினேன். எட்டாவது பன்னை எடுத்தபோது ஒரு அம்மா கிச்சன் கவுண்ட்டருக்கு வந்து நின்றார். மைதிலி மேடம் என்று பெயர். கணவர் ராகவன் சார் அணு உலையில் இன்ஜினியர். கூட்டத்துக்குச் சாப்பாட்டுப் பொறுப்பு அந்த அம்மாவுடையது.

“இந்த வெள்ளை சாஸ்ல முட்டை இல்லையே?” என்று கேட்டார்.

வரதன் சார் முந்திக்கொண்டார். “பியூர் வெஜ் மேடம்.”

மேடம் அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். “நீங்கதானே பண்றேள். நீங்க சொல்லுங்கோ.”

வரதன் சார் கண்ணை உருட்டுகிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆனால் அந்த அம்மா என்னைத்தான் கேட்டார், என்னை நம்பித்தான் வாயில் வைக்கப் போகிறார்.

“முட்ட கீது மேடம்” என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. “அப்போ எங்க பசங்களுக்கு?” என்றார். “மத்த பசங்க வெள்ளையா வழிய வழியத் தின்னும். எங்களது வழக்கம்போலத் தக்காளி சாஸை நக்கிண்டு உட்காரணுமா?”

“அரை மணி நேரம் குடுங்க மேடம். முட்ட இல்லாமலே அதே மாரி செஞ்சி தரேன்.”

அந்த நிமிடம் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் முன்னால் போய்விட்டது. மேடம் நகர்ந்ததும் வரதன் சார் என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துப் போனார்.

“யார்ரா உன்ன பேசச் சொன்னது? அரை மணி நேரத்துல வெள்ளையா, கெட்டியா ஒண்ணு வரணும். வரல, நாளைக்கு நாஸ்தா உன் வூட்லதான். எல்லா நாளும் உன் வூட்லதான்.”

4. மிக்ஸியின் சத்தம்

தடவின ஏழு பன்னையும் கட்லெட்டோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டு, வேறு ஏழு எடுத்து வைத்தேன். பிறகு யோசித்தேன். முட்டை என்ன வேலை செய்கிறது? எண்ணெயைப் பிரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. சைவக் கிச்சனில் அந்த வேலைக்கு யார் இருக்கிறார்கள்?

தயிரில் எண்ணெய் விட்டு அடித்தேன். நீர்மோர் மாதிரி ஆனது. அடுத்தது பால். காலையில் காய்ச்சி மேடையில் ஆறியிருந்த பால், அதில் எண்ணெய் விட்டேன். பாலும் எண்ணெயும் ஆளுக்கொரு பக்கமாக நின்றன. அப்போதுதான் ஜூஸ் கடை ஞாபகம் வந்தது. மில்க் ஷேக்குக்குப் பால் ஜில்லென்று இருந்தால்தான் மிக்ஸியில் பொங்கி வரும். ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்தேன். ஜாரையே ஐஸில் உட்கார வைத்தேன். மயோனைஸ் என்றால் புளிப்பு வேண்டுமே என்று முதலிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து மிக்ஸியைப் போட்டேன். பால் திரிந்து பன்னீர் மாதிரி பிசிறு பிசிறாக நின்றது. மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.

ஜாரைக் கழுவினேன். மறுபடி ஜில் பால் அரை டம்ளர், உப்பு, ஒரு சிட்டிகை கடுகுத்தூள். மிக்ஸி ஓட ஓட, மூடியில் இருக்கிற ஓட்டை வழியாக எண்ணெயை நூலாக விட்டேன், பீட்டர் சொன்ன மாதிரியே. ஒரு டம்ளர் எண்ணெய் உள்ளே போனபோது மிக்ஸியின் சத்தம் மாறியது. கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, தொண்டை கட்டினவன் மாதிரி இறங்கியது. உள்ளே கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். ஆறு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்ட காது இது. காலேஜில் இதை யார் சொல்லித் தருவார்கள்? மிக்ஸியை நிறுத்தி, கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரே ஒரு சுற்று. கரண்டி உள்ளே நட்டுவைத்த மாதிரி நின்றது.

ருசி பார்த்தேன். எல்லாம் சரி, பச்சைப் பால் வாசனை மட்டும் லேசாக இருந்தது. அப்போது பீட்டர் வாயிலிருந்து வந்த வார்த்தை ஞாபகம் வந்தது, ‘வாசனை நல்லாத்தான் கீது.’ கடுகும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் தாளித்தேன். இந்தத் தடவை கொட்டவில்லை. எண்ணெயை வடித்து, தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைத்து, கை வைத்தால் சூடே தெரியாதபடி ஆற விட்டு, நொறுக்கிக் கலந்தேன். திரியவில்லை. அதே கையோடு அடுத்தடுத்து நாலு ஜார் அடித்தேன்.

இருபத்தொன்பதாவது நிமிடம் பேசினைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினேன்.

5. பெயர் வாங்கியவர்

முப்பது வெஜ் பர்கர் போதவில்லை. சிக்கன் சாப்பிட்டவர்களும் பேசினுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை பன்னைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளரிக்காயில் தொட்டுத் தொட்டுத் தின்றது. மைதிலி மேடம் இரண்டாவது பர்கரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ரொம்ப நன்னா இருக்கு. யார் ரெசிபி?”

“என்னோடதுதான் மேடம்” என்றார் வரதன் சார். “கன்னியப்பனுக்கு நான்தான் நின்னு சொல்லிக் குடுத்தேன்.”

நான் கையில் இடுக்கியோடு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

“எப்படிப் பண்றது?” என்று மேடம் விடவில்லை.

“சிம்பிள் மேடம். பால்ல லெமன் புழிஞ்சி நல்லா அடிக்கணும். அப்புறமா எண்ணெய் வுடணும்.”

நான் குனிந்து இடுக்கியால் கரியைப் புரட்டினேன். அன்றைக்கு ஒரு உண்மை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஒரே நாளில் இரண்டு உண்மையை என் வேலை தாங்காது.

அடுத்த ஞாயிறு காலையில் கிச்சன் பின்வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ராகவன் சார் கையில் ஒரு நோட்டு. மைதிலி மேடம் கையில் ஒரு பாட்டில், உள்ளே திரிந்த பால்.

“மூணு தடவை பண்ணினேன். மூணு தடவையும் பன்னீர்” என்றார் மேடம். “உங்க மேனேஜருக்கு ஒண்ணும் தெரியலை. முட்டை இருக்குன்னு அன்னிக்கு என் முகத்துக்கு நேரா சொன்னவர் நீங்க. அதான் உங்களையே கேக்கறேன். யார் பண்ணினது?”

“நான்தான் மேடம்.”

“லெமன் எப்போ?”

“கடைசில மேடம். மிக்ஸி சத்தம் மாறினப்பறம்.”

ராகவன் சார் எழுதிக்கொண்டார். “பால் எத்தனை டிகிரி இருக்கணும்?”

“பல்லு கூசற டிகிரி சார்.”

அதையும் அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அணு உலையைப் பார்த்துக்கொள்கிற மனுஷன், ஐந்தாம் வகுப்புக்காரன் சொல்வதை நோட்டில் எழுதினார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் யாரும் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர்கள் கூட்டம் ஒவ்வொரு கோடையும் வந்தது. மேடம் நேராகப் பின்வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் மணலுக்குப் போவார்.

ஆனால் கார்டு? அடுத்த மாதமே வரதன் சார் அதில் ‘மேனேஜர்ஸ் ஸ்பெஷல்’ என்று போட்டுவிட்டார். அவர் வேறு ஓட்டலுக்குப் போய் வருடக்கணக்காகிறது. கார்டு எத்தனையோ தடவை புதிதாக அடித்தாகிவிட்டது. அந்த வரி மட்டும் போகவில்லை.

வேலை கற்றுக்கொள்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது. சாப்பிடுகிறவர் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். யார் செய்தது என்று கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். முதலாவதை நான் உடனே சொன்னேன். இரண்டாவதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபோதே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் இத்தனை வருடம் கழித்து இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே ரிசார்ட் நிர்வாகத்துக்கு என் கோரிக்கை. அந்த வரியை அடித்துவிட்டு ‘கன்னியப்பன் வெஜ் மயோ’ என்று போடுங்கள். எழுத்து, பக்கத்தில் இருக்கிற ஃபிஷ் ஃபிங்கர் அளவுக்காவது இருக்க வேண்டும். வரதன் சார் வந்து, இல்லை, அது என்னுடையதுதான் என்று சொன்னால், அவர் கையில் ஒரு மிக்ஸியும் அரை டம்ளர் பாலும் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுங்கள். இந்த மலரை மட்டும் அதற்கு முன்னால் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.