சரி செய்த கண்கள்

என் வீட்டுக்காரருக்கு எந்தப் பொருள் வாங்கினாலும் அதனுடன் வரும் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும். மிக்ஸி வாங்கியபோதும் படித்தார். மிக்ஸியில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், தெரிந்துகொள்வதில் தப்பில்லை என்பார். அப்படிப்பட்டவர் கையில் டிஜிட்டல் கேமரா கிடைத்தால் கேட்கவா வேண்டும்.

மகள் நடக்கப் பழகியிருந்த சமயம் தி.நகரில் வாங்கினோம். வெள்ளி நிறம், உள்ளங்கைக்கு அடக்கம். ஸ்விட்சைத் தட்டினால் கிர்ரென்று லென்ஸ் மூக்கை நீட்டும். அதுவரை எங்களிடம் இருந்தது ஃபிலிம் கேமரா. ஒரு சுருள் தீர மாதக்கணக்காகும், கழுவி வரும்போது பாதிப் படத்தில் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். இதிலோ எடுத்த கையோடு பின்னால் இருக்கும் சின்னத் திரையில் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. குழந்தை இட்லி தின்றால் ஒரு படம், துப்பினால் ஒரு படம். பாட்டரியைத் தின்று தீர்க்கும் பிசாசு அது. அவசரத்துக்குச் சுவர்க்கடிகாரத்திலிருந்து உருவிப் போட்டாலும் ரெண்டு படத்தோடு மூச்சை விட்டுவிடும்.

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் எங்கள் ஃபிளாட். பக்கத்துக் கட்டடம் ஜன்னலை ஒட்டியே நிற்பதால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஆகவே எடுத்த படத்துக்கெல்லாம் ஃபிளாஷ். ஃபிளாஷ் என்றால் சிவப்புக் கண். அதையும் படித்துவைத்திருந்தார். இருட்டில் கருமணி விரிந்திருக்கும், லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் இருப்பதால் வெளிச்சம் நேராக உள்ளே போய்க் கண்ணின் பின்புறத்து ரத்தச் சிவப்பைத் திருப்பி அனுப்பும், சின்னக் கேமராக்களுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு என்று எனக்கு வகுப்பே எடுத்தார். அதைத் தவிர்க்கக் கேமராவிலேயே ஒரு வசதி இருந்தது. படம் விழுவதற்கு முன்னால் ஃபிளாஷ் படபடவென்று சிமிட்டிக் கருமணியைச் சுருங்கவைக்கும். பெரியவர்களுக்குச் சரி. எங்கள் மகள் முதல் சிமிட்டலிலேயே வேலை முடிந்தது என்று எழுந்து ஓடிவிடுவாள். அதனால் அந்த வசதியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கேமராவோடு ஒரு சிடி கொடுத்திருந்தார்கள். ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். படத்தைப் பெரிதாக்கி, சிவப்புக் கண் மேல் ஒரு தட்டு. கறுப்பாகிவிடும். மாமனார் கண், என் கண், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கண் என்று எல்லாருக்கும் இலவச வைத்தியம் நடக்கிறது என்று கேலி செய்வேன்.

மகளின் படத்தில் மட்டும் வேலை அதிகம். வலது கண் எல்லாரையும் போலச் சிவப்பாக விழும். இடது கண் சில படங்களில் மஞ்சள் கலந்த வெள்ளையாக மின்னும், கார் விளக்கில் பூனைக் கண் மின்னுமே அப்படி. அந்த சாஃப்ட்வேருக்குச் சிவப்புதான் தெரியும், வெள்ளையை அது கண்டுகொள்ளாது. இவர் விடுவாரா? வாங்கிய கடைக்கே கேமராவைக் கொண்டுபோய்க் காட்டினார். ஃபிளாஷ் பட்டுத் தெறித்திருக்கும், குழந்தை தலையைத் திருப்பியிருக்கும், கேமராவில் கோளாறு ஒன்றுமில்லை என்று லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் இவரே கம்ப்யூட்டரில் தூரிகையை எடுத்து, அந்த வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு வட்டம் வரைந்து, நடுவில் துளி வெளிச்சமும் வைப்பார். அந்தத் துளியை வைத்ததும் கண்ணுக்கு உயிர் வந்துவிடும். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு அவர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் இடம் போதாது என்று பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமிப்பார். மெமரி கார்டையும் துடைத்துவிடுவார்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நான் தினமும் மகளின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பேன். ஒருத்தி கன்னத்தில் கறுப்பு வைத்தாள், ஒருத்தர் கண்ணில் வைத்தார். இரண்டு பேரும் நல்லதற்குத்தான் வைத்தோம்.

தி.நகரில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்திக்குக் காத்துக்கொண்டிருந்தேன். என் தம்பி தன் புதுக் கேமராவில் மகளை எடுத்துவிட்டு என்னிடம் காட்டினான். வேறு கம்பெனி, கறுப்பு நிறம், எங்களுடையதைவிடப் பெரிய திரை. அதில் மகள் சிரித்தாள். வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. இன்னொன்று எடுடா என்றேன். எடுத்தான். அதிலும் அதே கண். கேமராதான் வேறு.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். கேமராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கி, அவள் வலது கண்ணைத் தன் கையால் மூடினார். "அம்மா எங்கடா கண்ணு?" என்று கேட்டார்.

அவள் கையை நீட்டித் தேடினாள். நான் அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் சில பரிசோதனைகள் செய்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். கண்ணுக்குள் கட்டி, புற்றுநோய் வகை, சின்னக் குழந்தைகளுக்கு வருவது என்றார். ஃபிளாஷ் வெளிச்சம் அந்தக் கட்டியின் மேல் படுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறதாம். பல குழந்தைகளுக்கு இதை முதலில் காட்டிக்கொடுப்பதே வீட்டுக் கேமராதான் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது, பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்.

மகள் இவர் மடியில் இருந்தாள். "நிறைய இருக்கு டாக்டர்," என்றார். "எல்லாத்தையும் நான் சரி பண்ணிட்டேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை இவர் மகளின் ஜிமிக்கியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

உயிர் பிழைக்க அந்தக் கண்ணை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தெய்வாதீனம். முன்னாலேயே வந்திருந்தால் இடது கண்ணும் தப்பியிருக்குமா என்று அவர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தப்பியிருக்கும் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். தப்பியிருக்காது என்று சொல்லியிருந்தால் மெல்ல ஆறியிருப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

நங்கநல்லூரிலிருந்து நாத்தனார் பார்க்க வந்தாள். இவர் அந்த நோயைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். குழந்தை கட்டோடு பக்கத்தில் படுத்திருக்கிறது. காபிகூடத் தராமல் அவளை அனுப்பிவைத்தேன். எனக்கும் இவர் மேல் கோபம் இல்லாமல் இல்லை. பாத்திரங்களைக் கேட்டால் சொல்லும். ஆனால் கோபிக்க நான் இருக்கிறேன், வெளியாள் தேவையில்லை.

கேமரா பெட்டிக்குள் போய், பெட்டி லாஃப்ட்டுக்குப் போனது. அதன் பிறகு அவர் படமே எடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் படத்துக்குக் கூடினால் ஏதோ வேலை இருப்பதுபோல் நழுவிவிடுவார். கையில் ஃபோன் வந்த பிறகும் அப்படித்தான். முகம் வளர வளர மகளுக்குச் செயற்கைக் கண்ணை மாற்றி மாற்றி வைத்தோம். அவளும் யார் படமெடுத்தாலும் இடது பக்கத்தை மறைத்து, சற்றே திரும்பி நிற்கப் பழகினாள். அப்பா ஏன் படம் எடுப்பதில்லை என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அடையாறு பக்கம் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே பிள்ளைகளுக்குப் புதுப் பைத்தியம். ஃபோன் படங்கள் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம், அந்தக் காலத்துச் சின்னக் கேமராதான் வேண்டுமாம். முகத்தில் சுள்ளென்று ஃபிளாஷ் அடிக்க வேண்டும், கண் சிவக்க வேண்டும். நாம் எதைக் குறை என்று துடைத்தோமோ அதற்குத்தான் இன்று மவுசு. போன மாதம் லாஃப்ட்டில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கிவிட்டாள். திறந்து பார்த்தால் துருவில்லை. நாள்பட உபயோகிக்காவிட்டால் பாட்டரியை எடுத்துவிடவும் என்று கையேட்டில் போட்டிருக்கும். உடைந்துகிடந்த அந்த நேரத்திலும் மனிதர் எடுத்துத்தான் வைத்திருக்கிறார்.

புது பாட்டரி வாங்கிப் போட்டாள். லென்ஸ் கிர்ரென்று மூக்கை நீட்டியது. சமையலறையிலிருந்த எனக்கு அந்தச் சத்தம் அடையாளம் தெரிந்துவிட்டது. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் வந்து கேமராவை அவர் கையில் திணித்தாள். அம்மாவை எடுக்கச் சொல் என்றார். நீதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியோரம் போய் நின்றாள். திரும்பாமல் நேராக நின்றாள்.

ஃபிளாஷ் அடித்தது. பின்னால் திரையைப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். வலது கண் சிவப்பு. இடது கண் நல்ல கறுப்பு, நடுவில் துளி வெளிச்சம். அன்று அவர் வரைந்துவைத்தாரே, அச்சு அசல் அதே கண்.

"ஒரு பக்கம் செவப்பா விழுந்திருக்கு," என்றார் ஒருவழியாக. "கம்ப்யூட்டர்ல போட்டு..."

"வேணாம்ப்பா," என்றாள் மகள். "சரி பண்ணாத."

மடித்துவைத்த துணிகளின் மேலேயே உட்கார்ந்து அவர் அழுதார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. நான் சமாதானம் செய்யப் போகவில்லை, எனக்கும் அது வேண்டியிருந்தது. மகள் தொட்டியோரம் அப்படியே நின்றாள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழும்வரை பொறுத்திருந்துவிட்டு, இன்னொன்று எடு என்று சொல்லி, இடது பக்கத்தை அவருக்குக் காட்டித் திரும்பினாள்.