பெர்தஸ் கரடியின் ஞாயிற்றுக்கிழமை

ஹெசல் ஒரு பொத்தானை அழுத்தினால் ஊரே நின்றுவிடும். பால் லாரி நிற்கும், தபால் வண்டி நிற்கும், மேயரே வந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். ஃப்ரீஸ்லாந்து என்ற கடலோர மாகாணத்தில் ஒரு கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது அவன் உத்தியோகம். ஒற்றைப் பாய்மரப் படகு சாவகாசமாகக் கடந்துபோகும்வரை நாற்பது சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அவன் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தபடி மனசுக்குள் திட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட அதிகாரி, வீட்டில் இரண்டு வயது யோரிட்டின் காலில் ஒரு ஜோடி பூட்ஸை மாட்டிவிட முப்பத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொள்வான். மாட்டிய பிறகு பார்த்தால் இடதும் வலதும் மாறியிருக்கும்.

இந்த அதிகாரியின் வீட்டுக்கு மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெர்தஸ் வந்து சேர்ந்தது. பெர்தஸ் ஒரு பொம்மைக் கரடி; மூத்தவள் ஹில்காவின் வகுப்புக்குப் பொதுச் சொத்து. வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு விருந்து போகும், சனி ஞாயிறு தங்கும், திங்கட்கிழமை திரும்பும். கூடவே ஒரு தடித்த நோட்டும் வரும். விருந்தாளி எங்கே போனது, எதைப் பார்த்தது என்று அதில் எழுதிப் படம் ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்ததும், அந்த வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கூச்சம் போக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் நோக்கம். பெற்றோர்களின் நோக்கம் வேறு என்பது நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

ஃப்ளோரிஸ் வீட்டார் பெர்தஸை ஆல்ப்ஸ் மலைக்கே கூட்டிப்போயிருந்தார்கள். பனிக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சறுக்குகிற படம் இருந்தது. இன்னொரு வீட்டில் வெப்பக்காற்றுப் பலூன். மூன்றாவது வீட்டார் எங்கும் போகவில்லை, ஆனால் பெர்தஸ் அங்கே தன் கையாலேயே மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, சாயங்காலம் செல்லோ இசை கேட்டிருக்கிறது.

"செல்லோவாம்," என்றாள் லீஸ்பெட். ஹெசலின் மனைவி. ஊர்ப் பல் மருத்துவரிடம் உதவியாளர். ஊரார் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவள். "அந்தப் பையனுக்கு நாலு பல்லு சொத்தை. ரொட்டியா சுட்டாங்க? மிட்டாயக் குடுத்து மூலையில உக்கார வச்சிருப்பாங்க."

ஹில்காவுக்கு ஐந்து வயது. செப்டம்பரிலிருந்து தன் முறைக்குக் காத்திருந்தவள். கரடியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நாம என்னப்பா செய்யப் போறோம்?"

நல்ல பதில்கள் எத்தனையோ இருந்தன. பூங்காவுக்குப் போகலாம், அப்பம் சுடலாம். ஆனால் ஆல்ப்ஸ் மலையின் படம் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. ஹெசலின் வாய் அவனைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"கடல்நாய் பாக்கப் போறோம். படத்துல இல்ல, நேர்ல. நம்ம பெர்தஸ் உசுரோட இருக்கிற கடல்நாயப் பாக்கப் போகுது."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிள்ளைகள் தூங்கப் போனதும் லீஸ்பெட் கேட்டாள். "கடலை உன் பாலம்னு நெனச்சியா? பட்டனை அமுக்குனா நாய் தலையத் தூக்கிருமா?"

சனிக்கிழமை முழுக்க மழை. பெர்தஸ் குழாய் வாஷர் வாங்கக் கடைக்குப் போனது, சலவை இயந்திரம் சுற்றுவதைப் பார்த்தது, யோரிட்டின் மூத்திரப் பானைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் காவல் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாயங்காலமே ஹெசல் நோட்டை எடுத்து, 'இன்று பெர்தஸ் நூலகத்தில் கடல்வாழ் உயிர்களைப் பற்றி ஆவலோடு படித்தது' என்று எழுதி, ஹில்காவுக்கு வாசித்தும் காட்டினான்.

"பெர்தஸ் நூலகத்துக்குப் போகல. வாஷர் வாங்கப் போச்சு."

"அது சும்மா ஒரு அழகுக்கும்மா."

"திங்கக்கிழமை எந்திரிச்சு நிக்கப்போறது நானா நீயா?" என்றாள் ஹில்கா. "பொய் சொன்னா எனக்குக் காது செவந்துரும். எல்லாருக்கும் தெரிஞ்சுரும். பெர்தஸ் கடல்நாயப் பாக்கலேன்னா நான் பள்ளிக்கூடம் போகல."

ஹெசல் அந்த வரியை அடித்தான். அடித்த இடம் ஒரு கறுப்புப் பட்டையாக நின்றது. இனி அந்த நோட்டுக்கு ஒரு கடல்நாய் வேண்டும். இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலை பூட்ஸ் மாட்டியாயிற்று, கழற்றியாயிற்று, பானைக்குப் போய்வந்தாயிற்று, மறுபடி மாட்டியாயிற்று. ஹெசலின் சைக்கிளுக்கு முன்னால் நீல மரப்பெட்டி உண்டு. அதில் இரண்டு பிள்ளைகளும் கரடியும் ரொட்டி டப்பாவும். லீஸ்பெட் தன் சைக்கிளில் பின்னால். யோரிட்டின் காதில் இரண்டு நாளாகக் கடல் விழவில்லை, நாய் மட்டும்தான் விழுந்திருந்தது. அவன் பைக்குள் ஒரு பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டு, "நாய்க்கு," என்று வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அறிவித்தான்.

பாலத்துக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது, தடுப்புக் கழி இறங்கியது. படகு வெகு தூரத்தில், வாத்து அளவுக்குத் தெரிந்தது. மேலே கண்ணாடி அறையில் அன்றைக்கு வேலையில் இருந்தவன் டவ்வா, ஹெசலின் சக ஊழியன். ஒலிபெருக்கி கரகரத்தது.

"நீலப் பெட்டி சைக்கிள்காரர் கோட்டுக்குப் பின்னால நிக்கவும்."

"டேய் டவ்வா," என்று ஹெசல் அண்ணாந்து கத்தினான். "படகு இன்னும் அடுத்த ஊர்லயே இருக்குடா. ரெண்டு மிதி மிதிச்சா நான் அந்தப் பக்கம்."

"போன புதன்கிழமை என் பொண்டாட்டியும் இதே எடத்துல நின்னு இப்படித்தான் கத்துனா. அப்ப நீ மேல ஒக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்த. கேக்கலன்னு சொன்ன. எனக்கும் இப்ப ஒண்ணும் கேக்கல."

காத்திருந்த இருபது பேரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும் என்பதுபோலச் சிரித்தார்கள். ஹில்கா பெட்டியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மாமா உனக்குப் பெரிய அதிகாரியாப்பா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் நிக்கிற?"

படகு வந்தது. அதிலிருந்த ஆள் ஒரு கையில் சுக்கானும் மறுகையில் ரொட்டியுமாக, ஹெசலைப் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டே போனார்.

பிறகு பதினோரு கிலோமீட்டர் எதிர்காற்று. லீஸ்பெட் ஹெசலின் முதுகுக்குப் பின்னால் காற்று படாமல் ஒண்டிக்கொண்டு, "அப்படியே போ, நல்லா இருக்கு," என்று ஊக்கப்படுத்தினாள். பெட்டிக்குள் யாருடைய கால் யாருடைய காலைத் தொட்டது என்ற வழக்கு மூன்று ஊர்களைக் கடக்கும்வரை நடந்தது. கடலணையின் மேல் ஏறியபோது செம்மறிகள் ஒதுங்கி வழிவிட்டன. தாங்கள் போட்டதை மட்டும் விட்டுப் போயின. ஹில்காவின் ரொட்டியில் தூவியிருந்த சாக்லேட் துகள்களைக் காற்று ஒரே மூச்சில் கிளப்பி அவள் முகத்தில் அப்பியது. அம்மை போட்ட முகத்தோடு அவள் கரடியைத் தூக்கிக் கடலுக்குக் காட்டினாள்.

கடல் காலியாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் பெர்தஸ் ஒரு மிதவையைப் பார்த்தது, ஒரு கட்டையைப் பார்த்தது. தூரத்தில் பளபளவென்று ஒரு கறுப்புத் தலை எழுந்தபோது, "அதோ, அதோ," என்று ஹெசல் குதித்தான். தலை நீந்திப் பக்கத்தில் வந்தது. ரப்பர் தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

"இன்னிக்கு என்னயப் பாத்துக் குதிக்கிற மூணாவது குடும்பம் நீங்க," என்றார் அவர், கரையேறித் துண்டை எடுத்துக்கொண்டே. "முன்னால வந்தவங்க போட்டோவே எடுத்துட்டாங்க."

அப்போது மழை பிடித்தது. பெர்தஸ் ஒருமுறை நனைந்தால் காய மூன்று நாள் ஆகும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. லீஸ்பெட் கரடியைப் பிடுங்கி, பைக்குள் திணித்து, வாயை இறுக்கிக் கட்டினாள். பெர்தஸ் போன இடம் பாதுகாப்பான இடம். மாற்று ஜட்டிகளுக்கு அடியில்.

கட்டி முடிக்கவில்லை, அது வந்துவிட்டது. கடலுக்குள் நீண்டிருந்த கல்வரிசைக்கு அந்தப் புறம், கல்லெறி தூரத்தில், ஈர வழுக்கைத் தலையும் மீசையுமாக எழுந்து, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர்களைப் பார்க்கிற அதிகாரியைப்போல அவர்களைப் பார்த்தது.

யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். ஹெசல் மகனைத் தூக்கிச் சுழற்றினான், லீஸ்பெட் ஹெசலைப் பிடித்துக்கொண்டு சுழன்றாள், யோரிட் சுழற்சியின் நடுவில் பிஸ்கட்டை வீசினான். அது பெரியவரின் நெற்றியில் பட்டது. "நாய், நாய்," என்று அவன் கூவியதைக் கேட்டு ஒரு செம்மறிக் கூட்டமே திரும்பிப் பார்த்தது.

ஹில்கா மட்டும் சுழலவில்லை.

"பெர்தஸ் எங்க?"

லீஸ்பெட் முடிச்சை அவிழ்த்தாள், பல்லால் கடித்து இழுத்தாள், ஜட்டிகளை மழையில் இறைத்தாள். பெர்தஸ் வெளியே வந்தபோது அந்தத் தலை தண்ணீரோடு மெல்ல நகர்ந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"நாமெல்லாம் பாத்தோம்," என்றாள் ஹில்கா. அவள் மோவாய் துடித்தது. "பெர்தஸ் பாக்கல."

"நாம பாத்தா அது பாத்த மாதிரிதான் செல்லம். அதுக்குள்ள இருக்கிறது வெறும் பஞ்..."

லீஸ்பெட் அவன் காலை மிதித்தாள். பிள்ளைகள் முன்னால் சில சொற்களைச் சொல்லக் கூடாது, சொன்னால் வீடு தாங்காது. ஹெசல் மகளின் முகத்தைப் பார்த்தான். நாளைக் காலை எட்டரை மணிக்கு வட்டத்தின் நடுவில் இந்த முகம் நிற்கும். அல்லது நிற்காது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்னும்.

கரடியைப் பறித்துக்கொண்டு ஓடினான்.

கல்வரிசை முடிகிறவரை அது ஓட்டமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் சேறு. நீர் வடிந்துகொண்டிருந்த நேரம்; சேறு முதலில் இடது பூட்ஸை வாங்கிக்கொண்டது, நாலடி தள்ளி வலதையும் வாங்கிக்கொண்டது. கடல்நாய்க்கு இணையாக, முழங்கால் புதையப் புதைய, "இங்க பாரு, ஏய், இங்க," என்று அவன் கூவிக்கொண்டே போனான். அணையின் மேல் பைனாகுலரோடு பறவை பார்க்க வந்திருந்தவர்கள் பறவையை விட்டுவிட்டு இவனைப் பார்த்தார்கள். பத்தாவது அடியில் இடுப்புவரை இறங்கி, அப்படியே முன்னால் சரிந்தான். சத்தம் கரைவரை கேட்டது. ஹெசல் முழுசாகச் சேற்றில் கிடந்தான். கைகள் இரண்டும் மட்டும் மேலே. கைகளின் நுனியில், ஒரு துளி சேறு படாமல், பெர்தஸ்.

மூழ்கப்போன கடல்நாய் அந்தச் சத்தத்தில் நின்றது. முழுசாகத் திரும்பியது. பார்த்தது. கழுத்தை இன்னும் கொஞ்சம் தூக்கி, மறுபடியும் பார்த்தது. அப்புறம் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

ஹெசல் நாலு காலில் கரையேறினான். கண்ணைத் தவிர எங்கும் சேறு. "பாத்துச்சா?" என்று மூச்சிரைத்தான். "நேருக்கு நேர். பெர்தஸ் பாத்துருச்சுல்ல?"

ஹில்கா கரடியை வாங்கி, அவன் பிடித்திருந்தபடியே பிடித்துப் பார்த்தாள். கரடியின் மூக்கு ஹெசலை நோக்கி இருந்தது.

"நீ திருப்பிப் புடிச்சிருக்கப்பா. பெர்தஸ் முழுக்க உன்னயத்தான் பாத்துச்சு."

லீஸ்பெட் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் எங்கே உட்காருகிறோம் என்று பார்க்கவில்லை. செம்மறிகள் விட்டுப்போனதன் மேல் உட்கார்ந்தாள், அது தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். ஹெசலுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளோ கடலைப் பார்த்தாள், கரடியின் முதுகைப் பார்த்தாள், மறுபடி கடலைப் பார்த்தாள். உதட்டோரத்துச் சாக்லேட்டை நக்கிக்கொண்டாள்.

"ஆனா," என்றாள் மெதுவாக, "கடல்நாய் பெர்தஸைப் பாத்துச்சு."

"ஆமா," என்றான் ஹெசல், மூச்சுவிடாமல்.

"ரொம்ப நேரம் பாத்துச்சு. ரெண்டு தடவ."

காது சிவக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஹெசல் பிள்ளையை விட்டுவிட்டுப் போகாமல் வகுப்பின் கதவோரத்தில் நின்றான். முந்தின இரவு நான்கு முறை குளித்தும் காதுமடலில் இன்னும் சாம்பல் நிறம் இருந்தது. நோட்டில் கறுப்புப் பட்டைக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம், ஹில்கா சொல்லச் சொல்ல அவன் எழுதியது. படம் எதுவும் இல்லை.

ஹில்கா வட்டத்தின் நடுவில் எழுந்து நின்றாள்.

"பெர்தஸ் கடல்நாயப் பாக்கல," என்றாள். "கடல்நாய்தான் பெர்தஸைப் பாத்துச்சு."

வில்மா டீச்சர் நோட்டை எடுத்து அந்த வாக்கியத்தை மறுபடி படித்தார். இத்தனை வாரமும் பெர்தஸ் எதை எதையோ பார்த்து வந்திருக்கிறது. அதை யாரும் பார்த்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஃப்ளோரிஸ் முழங்காலில் எழுந்து நின்றான்.

"நெசமான கடல்நாயா?"

"நெசமான கடல்நாய். மீசையெல்லாம் இருந்துச்சு."

"பாத்துட்டு என்ன செஞ்சுச்சு?"

"வீட்டுக்குப் போயிருச்சு."

ஃப்ளோரிஸ் யோசித்தான். பக்கத்திலிருந்த பிள்ளைகளும் யோசித்தார்கள். ஒரு சின்னவள் கையைத் தூக்கினாள்.

"அப்ப அதுவும் இன்னிக்கு பள்ளிக்கூடத்துல வட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லுமா?"

"சொல்லும்," என்றாள் ஹில்கா.

"என்ன சொல்லும்?"

"ஞாயித்துக்கெழம ஒரு கரடியப் பாத்தேன்னு சொல்லும். மத்த கடல்நாயெல்லாம் நம்பாது. அப்ப அது சொல்லும், நெசமாத்தான், ஒரு ஆளு அதத் தூக்கிக்கிட்டுச் சேத்துல வந்து விழுந்தான், பூட்ஸ் ரெண்டையும் விட்டுட்டுப் போயிட்டான், வேணும்னா வந்து பாருங்கன்னு சொல்லும்."

இருபத்து மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்பி, ஹெசலின் கால்களைப் பார்த்தன. அவன் மனைவியின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.