அண்ணை போகாத சிசிலி

அண்ணை சிசிலிக்குப் போனதே இல்லை. போகவும் முடியாது. அவரிடம் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அகதி விண்ணப்பத் தாள். அதை வைத்துக்கொண்டு பாரிஸ் முழுக்கச் சுற்றலாம், எல்லையைத் தாண்ட முடியாது. ஆனாலும் எண்பதுகளின் நடுவில் அங்குள்ள லா சப்பல் பகுதியிலிருந்து சிசிலிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அண்ணையும் தங்கச்சி நானும் இருந்த அறையிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சிசிலி உணவகம் இருந்தது. அங்கே அவர் சேர்ந்தது பிளோன்ஜுக்கு, அதாவது பாத்திரம் கழுவ. இரண்டு வருடத்தில் வெங்காயம் வெட்டி, சோஸ் கிண்டி, தட்டுகளை மேசைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு உயர்ந்துவிட்டார். சாப்பிட வருபவர்கள், சிசிலியில் எங்கே போனால் நல்லது என்று அவரிடம் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அண்ணைக்கு இல்லை.

நான் ஓர் அலுவலகத்தில் வெப்பமூட்டும் குழாய்களுக்கு வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். இலக்கமிட்டு எழுதாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. நூலகத்தில் இரண்டு பயண நூல்களைப் புரட்டி அவருக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றி மெசினா நீரிணையைக் கடப்பார்கள். பயணி இருக்கையை விட்டு எழும்பத் தேவையில்லை. இரண்டு, பலெர்மோ சந்தையில் கடலை மாவைக் கிண்டி, ஆறவிட்டு, வெட்டிப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மூன்று, திராப்பனி ஊரில் கோதுமை ரவையைப் பிசறி ஆவியில் அவித்து மீன் குழம்பு ஊற்றுவார்கள். நான்கு, எத்னா எரிமலை.

"மூண்டாவது புட்டெல்லோ," என்றார் அண்ணை.

"அது குஸ்குஸ்."

"பேரை மாத்தினால் புட்டில்லையெண்டு ஆயிடுமோ?"

எத்னாவுக்கு விடியற்காலையிலேயே ஏறிவிட வேண்டும், பிற்பகலில் முகில் மூடிவிடும் என்பது பட்டியலில் இல்லாதது. அது அண்ணையின் சொந்தச் சேர்க்கை. ஒரு தம்பதி அப்படியே ஏறி இறங்கி வந்து, நீங்கள் சொன்னது அச்சொட்டாகச் சரி என்று கைகுலுக்கினார்கள். தீவில் உங்களுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். "வடக்கு," என்றார் அண்ணை. எந்தத் தீவின் வடக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் சமையல்காரர் வேலையை விட்டுப் போனார். பத்ரோன், அதுதான் முதலாளி, இரண்டு வாரத்துக்கு அடுப்பை அண்ணையிடம் கொடுத்தார். முடிவு சொல்ல வேண்டியவர் பலெர்மோவில் இருந்த பத்ரோனின் அக்கா. உணவகத்தின் சமையல் முறைகள் எல்லாம் அவருடையவை. அவர் வந்து சாப்பிட்டுப் பார்த்து ஓம் என்றால் அடுப்பு அண்ணைக்கு. இல்லையென்றால் பலெர்மோவிலிருந்து ஓர் ஆள் வருவான், அண்ணை திரும்பவும் பிளோன்ஜுக்கு. அந்த நாட்களில் அண்ணை இரவில் நித்திரையிலும் கரண்டி பிடித்திருந்தார் என்று சொன்னால் மறுப்பார்.

செய்ய வேண்டியது சூடை மீன் பாஸ்தா. நான் பதினேழு வரியில் திட்டம் போட்டேன். மீன், காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்ந்த திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ, மேலே தூவ வறுத்த பாண்தூள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம். கிழமையை மட்டும் எழுத மறந்துவிட்டேன்.

பலெர்மோ அக்கா வந்திறங்கியது வெள்ளிக்கிழமை. அவருடைய பையிலிருந்து ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பெருஞ்சீரகத் தழையும், இலையோடு எலுமிச்சம்பழங்களும் வெளியே வந்தபோது குசினி முழுக்க மணத்தது. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அண்ணை சோஸைக் கிண்டினார், கரண்டியை மூக்கருகே கொண்டுபோனார், கீழே வைத்தார். மூன்று தரம் அப்படியே செய்தார்.

"ஏன் ருசி பார்க்கவில்லை என்று அக்கா கேட்கிறார்," என்றார் பத்ரோன்.

"வெள்ளிக்கிழமை விரதம், மச்சம் மாமிசம் வாயிலை வைக்கிறேல்லை எண்டு சொல்லு பிள்ளை."

பதற்றத்தில் அண்ணைக்கு வராமல் போன பிரெஞ்சில் நான் சொன்னேன். பத்ரோன் அதை இத்தாலியனில் சொன்னார். அக்கா கையை விரித்தார். "நானும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடுவதில்லை. அதற்காகத்தானே மீன் செய்யச் சொன்னேன்."

"மீன் என்ன மரத்திலையோ காய்க்குது? கேள்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்கா எழுந்து கைப்பையை எடுத்தார். ருசி பார்க்காதவன் சமைத்ததைத் தன் மேசைக்கு அனுப்ப முடியாது என்றார். அண்ணை கரண்டியைப் பார்த்தார், கழுவும் தொட்டியைப் பார்த்தார். பிறகு கரண்டியை மெதுவாக வாயை நோக்கித் தூக்கினார். நான் அதைப் பறித்து என் வாயில் வைத்தேன்.

"உப்புக் காணாது. தழை இன்னும் அவிய வேணும்."

அண்ணை என்னையே பார்த்தார். எங்கள் அறையில் வெள்ளி என்றால் மரக்கறிதான், சமைப்பதும் நான்தான். ஆனால் என் அலுவலகக் கன்டீனில் வெள்ளி என்றால் மீன். முதல் மாதம் சலாட்டும் பாணும் சாப்பிட்டேன். இரண்டாம் மாதத்திலிருந்து மீன். அப்படியே இரண்டு வருடம்.

"எப்ப தொடக்கம்?"

"முதல் உப்பைப் போடுங்கோ அண்ணை."

போட்டார். நான் இன்னும் இரண்டு தரம் ருசி பார்த்துத் தலையாட்டினேன். அக்கா உட்கார்ந்து சாப்பிட்டார். கடைசியில் ஒரு துண்டுப் பாணால் தட்டைத் துடைத்து அதையும் சாப்பிட்டுவிட்டுத் தம்பியிடம் நீளமாக ஏதோ சொன்னார். பத்ரோன் அதைச் சுருக்கிச் சொன்னார்: அடுப்பு அண்ணைக்குத்தான், ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ருசி பார்க்க ஒரு ஆள் வேண்டும். யாரை வைப்பது என்று பத்ரோன் கேட்டு முடிப்பதற்குள் அண்ணை பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்: என் தங்கச்சி வருவாள், அவள் எப்படியும் தின்கிறவள்தான்.

திரும்பி நடக்கும்போது ரூ பெர்தொனே தெரு முனையில் அண்ணை நின்றார்.

"கன்டீனிலை என்ன மீன்?"

"கபியோ எண்டு ஒரு வெள்ளை மீன்."

"பொரிச்சதோ?"

"அவிச்சது. உப்பும் இல்லை."

"அவிச்ச மீனுக்கோ விரதத்தை விட்டனீ?" என்றார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.