கீழே நின்றாலும் ஏறும்

இணைந்த கணிதத்தில் இரண்டு தரம் விழுந்தவளிடம் வந்து "பரவாயில்லை" என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. என்ன பரவாயில்லை? உயர்தரப் பரீட்சையை மூன்று தரம்தான் எழுத விடுவார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஒன்று. அந்த ஒன்றையும் எழுத வேண்டாம் என்றார் அப்பா. ஆடைத் தொழிற்சாலையில் எனக்காகக் கதைத்திருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆறுதல் சொல்லாத ஒருத்தி இருந்தாள். கிளிநொச்சியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். அவள் சித்தியடைந்து கம்பஸ் அழைப்புக்கு, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கு, காத்திருந்தாள். அதுவரைக்கும் கிளிநொச்சியில் சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின், புடைவைக் கடையில் நின்றாள். மத்தியானத்தில் கடைக்கு ஆள் வராது. நான் சைக்கிளில் போவேன். பின்பக்கத்தில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் இருந்து பழைய வினாத்தாள் செய்வோம். அவள் என்னிடம் ஒரு சதம் வாங்கியதில்லை. பேச்சு மட்டும் தாராளமாகத் தந்தாள்.

எல்லா வினாத்தாளிலும் ஒரு சார்பு வரும். அதை வகையிட்டுப் பெறுதியைக் கண்டு, சார்பு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று எழுதி, வரைபு கீற வேண்டும். வகையிடுவதில் நான் பிழை விடுவதில்லை. அதற்குப் பிறகு எல்லாமே பிழைக்கும். ஏன் என்று இரண்டு வருடமாகத் தெரியவில்லை.

நாங்கள் ரியூசன் படித்தது தகரக் கொட்டகையில். சந்தை போலச் சனம். எனக்குக் கடைசி வாங்கு. சேர் மைக்கைப் பிடித்துச் சொல்லுவார்: "பெறுதியைப் பூச்சியத்துக்குச் சமன்படுத்துங்கோ. வாற எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு எண்ணைப் போட்டுக் குறியைப் பாருங்கோ. சக எண்டால் கூடும், சய எண்டால் குறையும்." சக என்பது கூட்டல் குறி, சய என்பது கழித்தல் குறி. எதற்குள் போடுவது என்று அவர் சொல்லவில்லையா, அல்லது மைக் இரைந்ததா, தெரியாது. நான் பெறுதிக்குள் போடாமல் முதல் சார்புக்குள்ளேயே போட்டு வந்தேன். அவ்வளவு கூட்டத்தில் யார் என் கொப்பியைப் பார்ப்பது?

அவள் பார்த்தாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, நான் செய்த கணக்கை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எடியே, எண்ணை எதுக்குள்ளை போடுறாய்?"

"இதுக்குள்ளைதான். வேறை எதுக்குள்ளை?"

துணி சுற்றும் தாளை இழுத்து y = x² − 4x என்று எழுதினாள். வகையிட்டால் 2x − 4. அது இரண்டில் பூச்சியமாகும்.

"இப்ப மூண்டைப் போடு."

"ஒன்பதிலை பன்னிரண்டு போனால் சய மூண்டு. சய. குறையுது."

"இரண்டிலை எவ்வளவு?"

"சய நாலு."

"நாலிலை?"

"பூச்சியம்."

"சய நாலு, சய மூண்டு, பூச்சியம். இதோடி குறையிறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சய எண்டால் குறையும் எண்டுதானே சேர் சொன்னவர்! நீ என்ன சேரை விடப் பெரிய ஆளோ?"

"கத்தாதை. சாச்சா எழும்பப் போறார்."

அந்த நேரம் பார்த்து அப்பா கடைக்குள் வந்தார். குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறவர், உடுக்கச் சாரம் வாங்க வந்திருந்தார். என் கையில் பேனையைக் கண்டதும் முகம் சுருங்கியது. அவள் சாரங்களை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், குளத்திலை எத்தினை அடி நிக்குது?"

"எட்டடிதான்."

"ஐயோ, அப்ப இறங்குது."

"ஆர் சொன்னது? நேற்று ஏழு. மேலை நல்ல மழை. ஏறுது பிள்ளை."

"எட்டடி கொஞ்சமெல்லோ?"

"கொஞ்சம்தான். எத்தினை அடி எண்டது ஒரு கேள்வி. ஏறுதோ இறங்குதோ எண்டது இன்னொரு கேள்வி. கம்பஸுக்குப் போற பிள்ளை இதைக் கேக்கிறீரே!"

"எனக்குத் தெரியும் அங்கிள். உங்கடை மகள்தான் ஏறுதோ எண்டு கேட்டால் எத்தினை அடி எண்டு பாத்துச் சொல்லுறா."

எனக்கு முகம் சுட்டது. பேனையை எடுத்தேன். மூன்றை 2x − 4 இற்குள் போட்டேன். சக இரண்டு. வரைபு அச்சுக்குக் கீழேதான் நிற்கிறது, ஆனால் ஏறுகிறது. சய ஒன்றைப் போட்டேன். சார்பு சக ஐந்து, பெறுதி சய ஆறு. அங்கே மேலே நின்றுகொண்டு இறங்குகிறது. சார்பு சொல்வது நிற்கும் உயரத்தை. ஏறுவதையும் இறங்குவதையும் பெறுதிதான் சொல்லும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா இரண்டு தரம் விழுந்தேன்? யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்காமல் பழைய வினாத்தாளை எடுத்துச் செய்தேன். சரி வந்தது. அடுத்ததும் சரி வந்தது.

அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வேலைக்குப் போறவளுக்கு இது என்னத்துக்கு?"

அவள் சாரத்தை மடித்தபடி சொன்னாள்: "அங்கிள், இவள் ஒரே பிழையைத்தான் திருப்பித் திருப்பி விட்டிருக்கிறாள். அதை இப்பதான் பிடிச்சிருக்கிறம். பிடிச்ச நாளிலையோ மறிக்கிறது?"

அப்பா என்னைப் பார்த்து, "சோதினை எப்ப?" என்றார். சொன்னேன். "கணக்கை முடிச்சிட்டு நில், சைக்கிள் இங்கை நிக்கட்டும். நான் பெற்றோல் அடிச்சுக்கொண்டு வாறன்" என்று வெளியே போனார்.

திங்கட்கிழமை தொழிற்சாலை பஸ் சந்திக்கு வந்தபோது அப்பாதான் போய் நான் வரவில்லை என்று சொன்னார். திரும்பி வந்து, "இந்த முறையும் விழுந்தியோ, நானே பஸ்ஸிலை ஏத்தி விடுவன்" என்றார். என் அப்பா வாழ்த்துவது இப்படித்தான்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. அச்சுக்குக் கீழே கிடந்த துண்டுக்கு "கூடும்" என்று எழுதினேன். பெறுபேறு எஸ். ஆகக் குறைந்த சித்தி. முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். மற்ற இரண்டு பாடமும் நன்றாக இருந்தபடியால் ஆசிரியப் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்குப் போக அது எனக்குக் காணும்.

அவள் கம்பஸுக்கு வெளிக்கிடும் வாரம் அப்பா என்னை அந்தக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். கடையில் இருந்ததிலேயே நல்ல சல்வார் துணியை எடுத்து, விலை கேட்காமல் கட்டச் சொன்னார்.

"மகளுக்கோ?" என்று சாச்சா கேட்டார்.

"இல்லை, உங்கடை பிள்ளைக்கு."

சாச்சா சிரித்தார். "எங்கடை கடையிலை எங்கடை பிள்ளைக்கே வாங்கிறியளோ?"

"வேறை கடையிலை வாங்கினால் நீங்கள் கோவிப்பியளெல்லோ" என்றார் அப்பா. அவள் ஓடி வந்து பொதியைப் பிரித்துப் பார்த்தாள்.

"நிறம் சரியில்லை அங்கிள். மாத்தலாமோ?"

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "மாத்து பிள்ளை. ஆறுதலாப் பாத்து எடு."