கட்டை, கயிறு, ஏகாம்பரத்தின் இரண்டு கை

சின்ன விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்புகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: தப்புச் செய்தவனை உட்காரவைத்து அது தப்பு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றத் தொழில்களில் அப்படியில்லை. ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மில்லிலும் லாரி ஷெட்டிலும் மின்கம்பத்தடியிலும் வயிறெரிந்தவர்கள் நீங்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவில் சின்ன விமானங்களைப் பழுதுபார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு 1991இல் குன்றத்தூருக்குத் திரும்பியிருந்தேன். ஒரகடம் பக்கத்துப் பொட்டலில் பழைய சிமென்ட் ஓடுதளம் ஒன்று. யுத்த காலத்தில் போட்டது என்பார்கள். அங்கே பயிருக்கு மருந்தடிக்கும் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்றை வைத்துத் தொழில் நடத்திய கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் சேர்ந்த கொஞ்ச நாளில் ஸ்டார்ட்டர் எரிந்துபோயிற்று. அந்நியச் செலாவணி வறண்டுபோன அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூ வரவழைப்பதே பெரும்பாடு. புதுசு வரும்வரை கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் ஏகாம்பரம், வல்லத்துக்காரன், வாட்டசாட்டமான மெக்கானிக். சீசன் முடியும்போது அவனுடைய இரண்டு கையும் அவனிடமே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தூங்குகிற மாதிரி

முதல் நாள் ஏகாம்பரம் லுங்கியும் தோளில் துண்டுமாக வந்து, அரிவாளைப் பிடிப்பதுபோல் புரொப்பெல்லர் பிளேடின் விளிம்பில் நாலு விரலையும் மடக்கிக் கொக்கி போட்டான். “ஆயில் இன்ஜின எத்தினி வாட்டி ஹேண்டில் போட்டு கெளப்பிக்கீறேன், இது இன்னா சார்!” என்றான். லுங்கியை மாற்றச் சொன்னேன். துண்டு கூடாது, மணிக்கட்டில் கயிறு கூடாது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தள்ள வேண்டும், விரல் மடங்கக் கூடாது. தரையில் எண்ணெய் இருக்கக் கூடாது. இழுத்த கையோடு பின்னால் நகர்ந்துவிட வேண்டும்.

கடைசியாக இன்னொரு விதி சொன்னேன், அதுதான் அவனுக்கு ஏறவில்லை. ஸ்விட்ச் ஆஃப்பில் இருந்தாலும் இன்ஜினுக்கு உயிர் இருப்பதாகவே நினைக்க வேண்டும். நான் அதை ஆங்கிலத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் அது ஒரு வரி. அதையே தமிழில் சொல்ல வாயெடுத்தபோது பள்ளிக்கூட வாத்தியார் குரல் வந்தது. நிறுத்திவிட்டு வேறு மாதிரி சொன்னேன்: “இந்த இன்ஜின்ல தீப்பொறிய அடக்குறதே ஸ்விட்சுக்குப் போற ஒயர்தான். அது உள்ள அறுந்திருந்தா, ஆஃப்ன்னாலும் ஆஃப் இல்லப்பா. அது தூங்கல, தூங்குற மாதிரி நடிக்குது.” அவன் முகம் தெளிந்தது.

“அப்ப எங்க பழைய கம்பெனி நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் மாரின்னு சொல்லு சார். கண்ண மூடிக்கினு கீறாரேன்னு பீடிய பத்த வச்சேன், வேலையே பூட்ச்சு.”

ஆளுக்கொரு தடவை

கிளப்புகிற முறை இது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் மரக்கட்டை. வாலில் கயிறு, அது தரையில் பதித்த இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும். உள்ளே விமானம் ஓட்டுகிற கேப்டன் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருப்பார். ஏகாம்பரம் “ஸ்விட்ச் ஆஃப்” என்று கத்துவான். அவரும் “ஸ்விட்ச் ஆஃப்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இவன் பிளேடைத் தொடக் கூடாது. பிறகு, ஸ்விட்சைப் போடச் சொல்லி, “கான்டாக்ட்” என்று இவன். “கான்டாக்ட்” என்று அவர். அப்புறம்தான் இழுப்பு.

தன் ஊர் வயல்களுக்கு மருந்தடிக்க எங்களை அமர்த்திய வல்லம் வடகால் விவசாயி ஒருவர், ஒரு நாள் காலை இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தார். பக்கத்தில் வரப் பார்த்தவரை நான்தான் தள்ளி நிறுத்தியிருந்தேன். இன்ஜின் முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாம். மூன்றாவது சுற்றில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னா சார், அவரு சொன்னதையே இவரு சொல்றாரு, இவரு சொன்னதையே அவரு சொல்றாரு! அதுக்குள்ள என் பயிர்ல பூச்சி பேரன் பேத்தி எடுத்துடும் போலகீதே!”

யாராவது ஒருத்தர்

கேப்டன் நல்ல மனிதர், அவசரக்காரர். ஒரு நாள் காற்று ஏறிக்கொண்டிருந்தது, பலத்துவிட்டால் மருந்தடிக்க முடியாது. ஏகாம்பரம் வரத் தாமதமாகிவிட்டது. கேப்டன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, “நானே சுத்தறேன். உள்ள டிராக்டர் டிரைவரை உட்கார வைங்க, பிரேக் மிதிக்க ஒரு கால்தானே வேணும்” என்றார். விமானம் தெரிந்தவர் உள்ளேயும் சுற்றப் பழகியவர் வெளியேயும் இல்லாமல் புரொப்பெல்லரைத் தொடக் கூடாது என்றேன். இன்ஜின் ஸ்விட்சின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. விஷயம் முதலாளிக்குப் போயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஆள் வரும்வரை சாவி என்னிடம்தான் இருக்கும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆப்பிரிக்காவுல சிங்கத்துக்குக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டீங்க போலிருக்கே சார்!”

சாமிக்கு வைத்தது

ஆயுத பூஜையன்று காலையில் ஒரு தடவை இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு, கேப்டன் ஊருக்குக் கிளம்பினார். நான் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் விமானம் மாலையும் சந்தனமுமாக நிற்கிறது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். கட்டைகளைக் காணோம். பார்த்தால், பூஜைப் பலகையில் ஸ்பானர்களோடு அவையும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

“கட்டைய ஏம்பா எடுத்தே?”

“அதுவும் ஆயுதந்தானே சார்? சாமிக்கு வச்சாச்சு, இனிமே நாளைக்குத்தான் எடுக்கணும்” என்ற ஏகாம்பரம் வால் கயிற்றையும் அவிழ்க்கப் போனான். கயிற்றுக்கு இருக்கிற இடத்திலேயே பொட்டு வை என்றேன்.

முதலாளி குடும்பத்தோடும் போட்டோக்காரரோடும் வந்தார். “என்ன சார், மாட்டைக் கட்டின மாதிரி கட்டிவச்சிருக்கீங்க? அவுத்துடுங்க, படத்துல நல்லா இருக்காது.”

“கயிறை அவுக்க மாட்டேன். வேணும்னா என் கணக்கை முடிச்சுடுங்க.”

நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆனால் புரொப்பெல்லர் படுத்த மாதிரி இருக்கிறது, நேராக நிமிர்த்தினால்தான் பொட்டு தெரியும் என்றார். “தொடாதே ஏகாம்பரம், உள்ள ஸ்விட்ச பாத்துட்டு வரேன்” என்று நான் இறக்கையைச் சுற்றிப் போனேன். “சீக்கிரம்பா, நல்ல நேரம் போகுது” என்று முதலாளி அவசரப்படுத்தினார். அவன் நிமிர்த்தினான்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாலை சாமந்திப் பொடியாகப் பறந்தது. விமானம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் பாய, கயிறு விண்ணென்று விறைத்து அதை அங்கேயே நிறுத்தியது. நான் பின்பக்கமாகவே இறக்கைமேல் ஏறிப் பெட்ரோலை அடைத்தேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஸ்விட்சுக்குப் போகிற ஒயர் உள்ளே அறுந்திருந்ததைப் பிறகு கண்டுபிடித்தோம்.

இறங்கி வந்து பார்த்தேன். ஏகாம்பரம் நான் சொல்லிக்கொடுத்தபடி பின்னால் நகர்ந்து, எட்டி நின்றிருந்தான். உள்ளங்கை இரண்டும் இன்னும் தட்டையாக, விரல்கள் மடங்காமல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி நசுங்கிய பழத்தைக் காட்டி, “பார்த்தீங்களா, இது மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். குடும்பமே போட்டுக்கொண்டது.

ஏகாம்பரம் நேரே பலகைக்குப் போனான். பொட்டும் சந்தனமுமாக இருந்த கட்டைகளைத் தூக்கி வந்து, குனிந்து, சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக இறுக்கிவைத்தான்.

“சாமி ஒண்ணும் கோச்சுக்காது சார். நான் சொல்லிக்கிறேன்.”

சீசன் முடிந்து புது ஸ்டார்ட்டர் வந்தபோது அதைப் பொருத்தியவை ஏகாம்பரத்தின் அதே பழைய இரண்டு கைகள்தான். காப்பாற்றிய பெயரை எலுமிச்சம்பழம் தட்டிக்கொண்டு போனதில் எனக்கும் கயிற்றுக்கும் ஒரு வருத்தமும் இல்லை.